காத்து ஏறின காலை: கடல் கயாக்கில் ரெண்டு பேர், திரும்பி வர 2 மணி 10 நிமிஷம்

உப்புத்துடுப்பு

போன வாரம் நடந்ததை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாளா இழுத்துக்கிட்டு இருந்தேன். திட்டு விழும்னு தெரியும். விழட்டும். எங்க தப்பு எந்த இடத்துல ஆரம்பிச்சதுன்னு எனக்கே இன்னும் பிடிபடலை, அதைக் கேட்கத்தான் எழுதறேன்.

நானும் என் கூட்டாளியும் மீன் பிடிக்கப் போனோம். ரெண்டு பேரோடதும் மேலே உட்கார்ந்து ஓட்டுற ரக கயாக் (ஒத்தை ஆள் துடுப்புப் படகு), 13 அடி. காலை 5:30க்கு இறங்கினோம். கரையோரத் தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி அசையாம கிடந்தது. முன்னறிவிப்புல காலையில காத்து 8 நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்), எட்டு மணிக்கு மேல 14 நாட்னு போட்டிருந்தாங்க. காத்து கரையிலேர்ந்து கடல் பக்கமா. "முதுகுல காத்து, சும்மா உட்கார்ந்தாலே போய்ச் சேர்ந்துடலாம்"னு சிரிச்சுக்கிட்டே போனோம். 2.5 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பாறைத் திட்டுக்கு 25 நிமிஷம்தான் ஆச்சு.

ஆறே முக்காலுக்கு மீன் எடுக்க ஆரம்பிச்சது. தூண்டில்ல 40 கிராம் ஜிக், அதாவது மீனை ஏமாத்துற உலோக இரை. அடியைத் தொட்டதும் ரெண்டு இழுப்பு, மூணாவது இழுப்புல ராட் வளையும். எல்லாம் பாறை மீன். இந்த மாதிரி ஒரு காலை வருஷத்துல ஒண்ணோ ரெண்டோதான் கிடைக்கும், உங்களுக்கே தெரியும். ஏழரைக்கு அங்கங்கே வெள்ளை நுரை. எட்டு மணிக்கு எங்கே பார்த்தாலும் நுரை. மீனைக் கழட்டிட்டு ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் கரை கொஞ்சம் சின்னதாத் தெரிஞ்சது. பார்த்தேன். பார்த்துட்டு மறுபடியும் ஜிக்கை இறக்கினேன்.

எட்டே காலுக்கு அவன் கவிழ்ந்தான். பக்கவாட்டுல அலை வாங்கிக்கிட்டே கொக்கி கழட்டக் குனிஞ்சான். சத்தமே கேட்கலை. இப்பதான் தொப்பி தெரிஞ்சது, திரும்பிப் பார்த்தா மஞ்சளா கயாக்கோட அடிப்பாகம். பிரெய்ட் நூல் (பின்னின தூண்டில் நூல்) அவன் கணுக்கால்ல சுத்திக்கிச்சு. கத்தி லைஃப் ஜாக்கெட்டோட நெஞ்சுப் பக்கம் இருந்ததால அறுத்துட்டான். கால்சட்டைப் பையில இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கவே விரும்பலை. மூணாவது முயற்சியில ஏறினான். ரெண்டு ராட், மீன் பெட்டி எல்லாம் போச்சு.

அதுக்கப்புறம்தான் நிஜமான கஷ்டம். அவன் கயாக் கரையைப் பார்த்து நிக்கவே மாட்டேங்குது. அணியத்தை, அதாவது முன்முனையை, கரைக்கு நேரா வைப்பான், நாலு தடவை துடுப்பு போடறதுக்குள்ள காத்து அதைத் தள்ளிப் பக்கவாட்டுல போட்டுடும். கடைசியில நங்கூரக் கயித்தால கட்டி நான் இழுத்தேன். வாட்ச்சுல மணிக்கு 1.2 கிலோமீட்டர் காட்டுச்சு. கவிழ்ந்த இடத்துலேர்ந்து கரையில கால் வைக்கிற வரைக்கும் 2 மணி நேரம் 10 நிமிஷம்.

எப்ப திரும்பியிருக்கணும்? ஏழரைக்கா? இல்ல, இறங்கியே இருக்கக் கூடாதா?

ஜிக்பைத்தியம்

முதல்ல, ரெண்டு பேரும் வந்து சேர்ந்ததுல சந்தோஷம். ஆனா 14 நாட் காத்துக்கு இவ்வளவு கலக்கம் வேண்டாம் ப்ரோ. நான் 18ல எல்லாம் போயிருக்கேன். கயாக்ல உட்காரத் தெரிஞ்சா போதும். குனிஞ்சு கொக்கி கழட்டினதுதான் தப்பு. மடியில போட்டுக் கழட்டணும்.

நீரோட்டம்

நீங்க 18ல போனப்ப காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து?

ஜிக்பைத்தியம்

கடல்லேர்ந்து கரைக்கு.

நீரோட்டம்

அங்கேதான் விஷயமே இருக்கு. உங்க துடுப்பு உடைஞ்சாலும் அந்தக் காத்து உங்களைக் கரையில கொண்டுபோய்ப் போடும். நுரை அலையில உருண்டு அடிபடலாம், ஆனா கரையிலதான் இருப்பீங்க. உப்புத்துடுப்பு போன நாள்ல அதே விபத்து நடந்தா காத்து ஆளைக் கடலுக்குள்ள கொண்டுபோகும்.

கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கிற கரைக்காத்துக்கு இன்னொரு ஏமாத்து வேலை உண்டு. அலை எழும்பணும்னா காத்து தண்ணி மேல கொஞ்ச தூரம் ஓடணும். கரையோரத்துல அந்தத் தூரம் கிடையாது. கட்டடமும் மரமும் மேடும் வேற மறைச்சு நிக்கும். அதனால இறங்குற இடத்துல கடல் தூங்கற மாதிரி கிடக்கும். அரை கிலோமீட்டர் தாண்டினா சிலுசிலுப்பு, 2 கிலோமீட்டர்ல நுரை. கரையில நின்னு பார்க்கிறவனுக்கு அலையோட முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. நீங்க "எண்ணெய் ஊத்தின மாதிரி"ன்னு எழுதியிருக்கீங்களே, அதுலதான் மாட்டினீங்க.

அப்புறம் 8க்கும் 14க்கும் வித்தியாசம் ஆறுதானேன்னு மனசு கணக்குப் போடும். காத்தோட தள்ளுவிசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். எட்டெட்டு 64, பதினாலு பதினாலு 196. மூணு மடங்கு! போகும்போது முதுகைத் தடவின கை, திரும்பும்போது மூணு மடங்கு பலத்தோட நெஞ்சுல வச்சுத் தள்ளுது.

முதல்அலை

நான் புதுசு, கயாக் வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. முட்டாள்தனமான கேள்வியா இருந்தா மன்னிச்சுடுங்க. முன்னறிவிப்புல 14னு இருந்தா அதிகபட்சம் 14தானே?

நீரோட்டம்

இல்லை. அது சராசரி. திடீர்னு ஓங்கி அடிக்கிற வீச்சு அதைவிட 40 விழுக்காடு வரைக்கும் கூடலாம், அப்படிப் பார்த்தா 14 நாட் நாள்ல நடுநடுவே 20 நாட் அடிக்கும். அலை உயரமும் இதே கதைதான். முன்னறிவிப்புல போடற உயரம், வர்ற அலைகள்ல பெரிய மூணுல ஒரு பங்கோட சராசரி. 1 மீட்டர்னு போட்டிருக்கிற நாள்ல எப்பவாவது ஒரு அலை கிட்டத்தட்ட 2 மீட்டர்லயும் வரும். கயாக்ல இருக்கிறவனைக் கவுக்க ஒண்ணு போதும்.

கண்ணால அளக்கணும்னா போஃபர்ட் அளவுகோல் இருக்கு. அங்கங்கே நுரை தெரிஞ்சா அதுல படி 3, அதாவது 7லேர்ந்து 10 நாட். நிறைய நுரைன்னா 4, 11லேர்ந்து 16. எங்கே திரும்பினாலும் நுரை, கொஞ்சம் சாரலும் தெறிக்குதுன்னா 5, அது 17 நாட்லேர்ந்து ஆரம்பம். உப்புத்துடுப்பு எட்டு மணிக்குப் பார்த்தது 4ல முடியிற இடம், இல்லேன்னா 5 தொடங்குற இடம்.

அமரக்காரர்

காற்றைப் பற்றி நீரோட்டம் சொல்லிவிட்டார். நான் வேறொன்று கேட்கிறேன். கூட்டாளியின் கயாக் கரையைப் பார்த்து நிற்கவில்லை என்கிறீர்கள். அது எனக்கு உறுத்துகிறது.

ஒழுங்காக மிதக்கிற கயாக் காற்றில் ஓடும்போது தானாகவே அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பும். ஓட்டத்தில் அணியம் தண்ணீரில் பிடித்துக்கொள்ளும், பின்முனையான அமரம் வழுக்கும். காற்று கரையிலிருந்து வந்ததால் அவர் துடுப்புப் போட்டபோது கயாக் தானாகவே கரையைத்தான் பார்க்க விரும்பியிருக்க வேண்டும். அதற்கு நேர்மாறாக அணியம் விலகி விலகிப் போனதென்றால் அமரம் கனத்துக் கீழே இறங்கி, அணியம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தூக்கி நிற்கிற அணியம் ஒரு பாய் மாதிரி.

மீன் பெட்டி போன பிறகும் அமரம் கனமாக இருந்ததென்றால் உள்ளே தண்ணீர். கவிழ்ந்தபோது ஏறிய தண்ணீரா, அதற்கு முன்பே இருந்ததா? கவிழ்வதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா?

உப்புத்துடுப்பு

ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டுப் போன்ல தேடினேன். 7:20க்கு அவன் மீனைத் தூக்கிப் பிடிச்சிருக்கிற படம் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு மீனை மட்டும்தான் பார்த்தேன். இப்பப் பெருசாக்கிப் பார்த்தா, அவன் முதுகுக்குப் பின்னாடி கயாக்கோட விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு விரல்தான் இடைவெளி. அணியம் பக்கம் ஒரு சாண் இருக்கு.

கவிழறதுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்த படம்.

தக்கை

வணக்கம். அந்த மஞ்சள் கயாக்காரன் நான்தான். இவன் லிங்க் அனுப்பிப் படிடான்னான், படிச்சேன். சரி, நானும் சொல்லிடறேன்.

ஏழு மணிக்கே எனக்குத் தெரியும். அலையில ஏறி இறங்கும்போது சீட்டுக்குப் பின்னாடி "களக் களக்"னு சத்தம். குடத்துல பாதித் தண்ணியோட நடந்தா கேட்குமே, அது மாதிரி. அலை போயிட்ட பிறகும் கயாக் ஒரு பக்கமா சாஞ்சு, யோசிச்சு, மெதுவா நிமிரும். அதுவும் தெரிஞ்சது. வயித்தையும் பிரட்டிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு தடவை மறுபக்கம் திரும்பி வாந்தி எடுத்தேன். இவன் பார்க்கலை.

ஏன் சொல்லலைன்னு கேட்பீங்க. இவன் மூணு மாசமா மீனே இல்லாம வீட்டுக்குப் போயிட்டு இருந்தான். அன்னைக்குத்தான் சிக்குது. ஒவ்வொரு மீனுக்கும் சின்னப் பையன் மாதிரி கத்தறான். அதை நான் கெடுக்கணுமா? அவனே "போதும்டா"ன்னு சொல்லட்டும், நிம்மதியாக் கிளம்பலாம்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

உப்புத்துடுப்பு

டேய். நான் உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்டா. நீ அசையாம உட்கார்ந்திருந்தே. உனக்கு இந்தக் காத்தெல்லாம் ஒண்ணுமே இல்லைபோல, நான் போய் பயந்தாங்கொள்ளி மாதிரி கிளம்பலாம்னு சொன்னா நீ வாரம் பூரா கிண்டல் பண்ணுவேன்னு நினைச்சேன்.

தக்கை

அசையாம உட்கார்ந்திருந்தது வாந்தி வந்துடும்னு.

கடல்நண்டு

சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா உப்புத்துடுப்பு கேட்ட "எப்ப திரும்பியிருக்கணும்"ங்கிறதுக்குப் பதில் நீங்க ரெண்டு பேரும் இப்பப் போட்ட நாலு வரியிலயே இருக்கு.

தனியாப் போறப்ப நான் சீக்கிரம் பயப்படுவேன், சீக்கிரம் திரும்புவேன். கூட ஆள் இருந்தா அந்தப் பயத்தை அவங்க தலையில ஏத்திட்டு நிம்மதியா இருந்துடறேன். எதிர்ல இருக்கிறவரும் அதையே பண்ணினா அங்கே கவலைப்பட ஆளே இல்லை. நானும் என் தங்கச்சியும் நாலு வருஷமா சேர்ந்து போறோம், எங்களுக்கு ஒரே ஒரு பேச்சுதான். யாராவது ஒருத்தி "கரை"ன்னு சொன்னா இன்னொருத்தி ஏன்னு கேட்கக் கூடாது, நூலைச் சுத்திட்டுத் திரும்பணும். மீன் சிக்கியிருந்தா அறுத்து விட்டுடணும். சாயங்காலம் வரைக்கும் கிண்டலும் கிடையாது (சாயங்காலத்துக்கு மேல உண்டு). போன தடவை அவ சொன்னதுக்குக் காரணம் ஒண்ணுக்கு வந்ததுதானாம். பரவாயில்லை, திரும்பினோம்.

இன்னொண்ணு, கரையில நிக்கிறப்பவே ஒரு எல்லை பேசி வச்சுடுவோம். "எந்தப் பக்கம் பார்த்தாலும் நுரை தெரிஞ்சா", இல்லேன்னா "எட்டு மணி", எது முதல்ல வருதோ அது. மீன் கடிக்கிறப்ப எடுக்கிற முடிவை நான் நம்பறதில்லை.

இடைவெளி எவ்வளவு விட்டிருந்தீங்க? கயாக்ல உட்கார்ந்தா கண்ணு தண்ணிலேர்ந்து 80 சென்டிமீட்டர் உயரத்துலதான் இருக்கும். ஒரு மீட்டர் அலைக்கு நடுவுல ரெண்டு பேரும் பள்ளத்துல இருந்தா, 100 மீட்டர்ல இருக்கிற ஆளே காணாமப் போயிடுவார்.

உப்புத்துடுப்பு

30 மீட்டர் இருக்கும். அதுவும் நல்ல நேரம், ரெண்டு பேரும் ஒரே மீன் கூட்டத்து மேல நின்னதால. அரை மணி முன்னாடி 200 மீட்டர் தள்ளித்தான் இருந்தான்.

ஜிக்பைத்தியம்

காத்துத் திசை விஷயத்துல நீரோட்டம் சொன்னதை ஏத்துக்கறேன். நான் யோசிக்காம எழுதிட்டேன்.

ஆனா கயித்துல கட்டி இழுத்ததை ஏத்துக்க மாட்டேன். அந்தக் கடல்ல ரெண்டு கயாக்கையும் கயித்தால கோத்தா, ஒண்ணு கவிழ்ந்தா ரெண்டும் சிக்கும். அதுக்குப் பதிலா தண்ணிக்குடையை (தண்ணிக்குள்ள விரிஞ்சு கயாக்கைப் பிடிச்சு நிறுத்துற துணிக்குடை) அணியத்துலேர்ந்து போட்டுட்டு அங்கேயே நின்னு உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். குடை விரிஞ்சா அணியம் காத்தைப் பார்த்து நிக்கும், நகர்வும் பாதியாக் குறையும், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

உப்புத்துடுப்பு

குடை காருக்குள்ள இருந்துச்சு. எழுதவே வெட்கமா இருக்கு.

அமரக்காரர்

ஜிக்பைத்தியம் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கரைக்காற்றில் நிற்பது என்றால் மெதுவாகக் கடலுக்குள் போவது என்றுதான் பொருள். உதவி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் நிற்கலாம். தெரியாதபோது, கைகளில் பலம் இருக்கும்வரை இழுத்தது சரி. இழுத்த விதத்தில்தான் பேச்சு இருக்கிறது. கயிற்றை எங்கே கட்டினீர்கள்?

உப்புத்துடுப்பு

என் சீட்டுப் பட்டையில. முடிச்சு நனைஞ்சு இறுகிப் போய், கரையில கத்தியாலதான் அறுத்தேன்.

அமரக்காரர்

கரையில் அறுத்தீர்கள், சரி. நடுவில் அறுக்க வேண்டி வந்திருந்தால்?

இழுவைக் கயிறு ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். இடுப்பில் கட்டுகிற இழுவைப் பட்டை அதற்காகவே இருக்கிறது, பந்து போன்ற பிடியை இழுத்தால் பட்டையே அவிழ்ந்துவிடும். நீளம் 10 முதல் 15 மீட்டர். அதைவிடக் குட்டையாக இருந்தால் பின்னால் வருகிற கயாக் அலையில் வழுக்கிவந்து உங்கள் முதுகில் இடிக்கும். நைலான் கயிறு பரவாயில்லை, அது நீண்டு கொடுக்கும். நீளாத கயிறு ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பை வெட்டி இழுக்கும். பின்னால் இருப்பவர் சும்மா உட்காராமல் துடுப்புப் போட வேண்டும், குறைந்தபட்சம் நேராக வைத்துக்கொள்ளவாவது.

எதிர்காற்றில் ராடுகளை நிமிர்த்தி வைத்திருந்தீர்களா? படுக்கவைத்துக் கட்டுங்கள். நிற்கிற ராடும் பின்பெட்டியும் எதிர்காற்றுக்குக் கொடுக்கிற கூலி கொஞ்சமில்லை. துடுப்பையும் தாழ்வாக வீசுங்கள், மேலே போகிற அலகைக் காற்று பிடித்துத் திருப்பும். நேர் எதிரே முட்டாமல் சற்றுச் சாய்வாகப் போய், கரை மறைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நுழைவதுதான் புத்தி. புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்று கடல் யாரையும் கேட்கவில்லை. கார் நிற்கிற இடத்துக்கு நடந்துகொள்ளலாம்.

உப்புத்துடுப்பு

கடைசியில அப்படித்தான் ஆச்சு. ஒரு முனைக்குப் பின்னாடி நுழைஞ்சோம். வாசக்கதவைச் சாத்தின மாதிரி காத்து நின்னுச்சு. ரெண்டு பேரும் பேசவே இல்லை. அங்கேர்ந்து காருக்கு முக்கால் மணி நேரம் நடை.

முதல்அலை

தக்கை அண்ணா, முதல் ரெண்டு தடவை ஏன் ஏற முடியலை? நான் அமைதியான தண்ணியில ஒரு தடவை செஞ்சு பார்த்திருக்கேன், சுலபமாத்தான் இருந்துச்சு.

தக்கை

தம்பி, அமைதியான தண்ணியில நானும் பத்துத் தடவை செஞ்சிருக்கேன்.

முதல் தடவை, கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தறதுக்கே பாதி மூச்சு போச்சு. அடிப்பாகத்துக்குக் குறுக்கே எட்டி அந்தப் பக்கத்து விளிம்புப் பட்டையைப் பிடிச்சு, உடம்பு எடையைப் பின்னாடி போட்டு இழுக்கணும். நிமிர்ந்துச்சு. உடனே கையை ஊன்றி எம்பினேன், கயாக் என் பக்கமாவே சரிஞ்சு மறுபடி தலையில விழுந்துச்சு. ரெண்டாவது தடவை காலைக் கீழே தொங்கவிட்டபடியே எம்பினேன், கால் கயாக்குக்கு அடியில போயிடுச்சு. மேலே போக வழியே இல்லை.

மூணாவது தடவை இவன் தன் கயாக்கை அந்தப் பக்கம் ஒட்டி நிறுத்தி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டான். "காலை உதைடா, நீச்சல் அடிக்கிற மாதிரி உதை"ன்னு கத்தினான். உடம்பு தண்ணியில படுத்தாப்புல வந்ததும் வயித்தால வழுக்கி மேலே ஏறினேன். தொப்புள் நடுவுல வந்த பிறகு புரண்டு உட்கார்ந்துட்டு, காலைக் கடைசியாத்தான் உள்ளே எடுத்தேன். வயித்துல தேய்ச்ச இடம் இன்னும் சிவந்திருக்கு.

காத்து அடிக்கிறப்ப கூட ஆள் இல்லாம நீ செஞ்சு பார்க்காதே. ஆனா ஆளோட, கரைக்காத்து இல்லாத நாள்ல, கரை பக்கத்துல, கொஞ்சம் அலை இருக்கறப்பவும் செஞ்சு பாரு.

கடல்நண்டு

தண்ணி வெதுவெதுப்பா இருந்ததா? 15 டிகிரிக்குக் கீழேன்னா இந்த மூணு முயற்சி கதையே வேற. முதல் ஒரு நிமிஷம் மூச்சே கட்டுப்பாட்டுல இருக்காது, பத்து நிமிஷத்துல விரல் சொன்னபடி கேட்காது. வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணியைப் பார்த்துத்தான் உடுத்தணும்.

தக்கை

வெதுவெதுப்புதான். அதுல தப்பிச்சேன்.

நீரோட்டம்

உதவிக்குக் கூப்பிடறதைப் பத்தி யாரும் விரிவா எழுதலையே. கையில என்ன இருந்துச்சு?

உப்புத்துடுப்பு

போன் மட்டும், உறைக்குள்ள. ஈர விரலுக்குத் திரை வேலை செய்யலை. விசில் ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு, அந்தக் காத்துல 30 மீட்டர்ல இருந்த எனக்கே அது சரியாக் கேட்கலை.

நீரோட்டம்

கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒண்ணு வாங்கி மார்புல மாட்டிக்கோங்க. உங்க ஊர்ல உரிமம் தேவையான்னு முதல்ல கேட்டுக்கோங்க. 16வது சேனல் உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கு. உங்க உயரத்துலேர்ந்து இன்னொரு கயாக்குக்கு எட்டறது சில கிலோமீட்டர்தான், ஆனா கரை நிலையத்தோட கோபுரமோ கப்பலோ உயரத்துல இருக்கிறதால அதுக்கு இன்னும் தூரம் எட்டும். கயாக்கோட கட்டி வைக்காதீங்க, கயாக் போனா அதுவும் போயிடும்.

தக்கை

ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டேன்!

நேத்து கயாக்கை ரெண்டு முக்காலி மேல வச்சு, உள்ளே ஹோஸ் பைப்பால தண்ணி விட்டேன். வெளியிலேர்ந்து உள்ளே தேடறதை விட உள்ளேர்ந்து வெளியே வர்றதைப் பார்க்கிறது சுலபம். பின் ஹேட்ச் மூடிதான்னு சத்தியம் பண்ணியிருப்பேன், அது ஒரு சொட்டுக்கூட விடலை. நான் போன மாசம் என் கையாலேயே மாட்டின ராட் ஹோல்டர், அதோட நாலு திருகுல ஒண்ணு. சீலன்ட் வைக்காம முறுக்கியிருக்கேன். நூல் மாதிரி ஒழுகுது. கயாக் பாரமில்லாம மிதந்தா அந்த இடம் தண்ணிக்கு மேல. பின்பெட்டியில பத்துக் கிலோ மீன் போட்டா தண்ணிக்குள்ள.

அதாவது, மீன் சிக்கச் சிக்க ஒழுகியிருக்கு.

ஜிக்பைத்தியம்

அடப்பாவி.

அமரக்காரர்

சீலன்ட் வையுங்கள். உள்பக்கம் ரப்பர் வாஷரும் போடுங்கள். இருக்கைக்கு அருகே கை நுழைகிற மூடி இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், ஒரு கைப்பம்பும் ஸ்பாஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். அலை அடிக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தக்கை

வச்சாச்சு ஐயா. இன்னைக்கு மறுபடியும் தண்ணி ஊத்திப் பார்த்தேன், காஞ்சு கிடக்கு.

உப்புத்துடுப்பு

மச்சான், சனிக்கிழமை காலையில 8 நாட்னு காட்டுது. குடையை இப்பவே கயாக்ல கட்டிட்டேன். வர்றியா?

தக்கை

எந்தப் பக்கத்துலேர்ந்து?

உப்புத்துடுப்பு

கரையிலேர்ந்து.

தக்கை

கரை.